குப்பைமேட்டு வாசலைக் கட்டிய பிரபு

தியானப் பகுதிகள்: நெகேமியா 3:1–14, உபாகமம் 23:12–14, யாத்திராகமம் 21:33–34



இந்த வாரத் தியானத்தின் பொருள் சிலருக்கு முகச்சுளிப்பை உண்டாக்கலாம். வீட்டுக் கழிவறையில் ஊற்றிய தண்ணீர் வடியாமல் தேங்கி நிற்பதைப் பற்றியே எழுதப்போகிறேன். ஆவிக்குரிய காரியங்களைப் பேசவேண்டிய இடத்தில் இது எதற்கு என்று கேட்பவர்கள் நெகேமியாவின் மூன்றாம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசிக்கும்படி வேண்டுகிறேன். பெயர்ப்பட்டியல் என்று நாம் தாண்டிச் செல்லும் அதிகாரம் அது. எருசலேமின் அலங்கத்தை யார் யார் எந்தெந்தப் பகுதியில் கட்டினார்கள் என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. பிரதான ஆசாரியனாகிய எலியாசிப் ஆட்டுவாசலைக் கட்டுகிறான். தெக்கோவா ஊரார் உழைக்கிறார்கள். அவர்களுடைய பிரபுக்களோ அந்த வேலைக்குத் தங்கள் கழுத்தைக் கொடுக்கவில்லை. நகரத்தின் கழிவுகள் வெளியே செல்லும் குப்பைமேட்டு வாசலைப் பழுதுபார்த்தவன் யார்? பெத்கேரேம் மாகாணத்துப் பிரபுவாகிய மல்கியா. ஒரு மாகாணத்தை ஆளுகிறவன் அந்த வாசலுக்குக் கதவும் பூட்டும் தாழ்ப்பாளும் போட்டான். அவனுக்கு முன்னும் பின்னும் கட்டினவர்களின் பெயர்களோடு அவன் பெயரும் ஒரே வரிசையில் நிற்கிறது.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கழிவறையில் அடைப்பு உண்டானால், அதைச் சரிசெய்யும் பொறுப்பு அந்த வீட்டாருடையது. தங்கள் கையால் முடிந்ததை அவர்கள் செய்யவேண்டும். முடியாததற்கு இயந்திரத்தை அழைக்கவேண்டும். எந்த நிலையிலும், யாருடைய சம்மதத்தின் பேரிலும், ஒரு மனிதனைச் செப்டிக் டேங்குக்குள் இறக்கக்கூடாது.

கழிவறைக் கோப்பையின் அடியில் ஒரு வளைகுழாய் இருக்கிறது. பிளம்பர்கள் அதை 'டிராப்' என்பார்கள். அந்த வளைவில் எப்போதும் சிறிதளவு தண்ணீர் நிற்கும். 1775-ஆம் ஆண்டு லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி இவ்வமைப்பைக் கொண்ட கழிவறைக்குக் காப்புரிமை பெற்றார். குழாய்க்கு அப்பால் உண்டாகும் வாயுவை வீட்டுக்குள் வரவிடாமல் தடுப்பது அந்தச் சிறிதளவு தண்ணீர்தான். கழிவு காற்றில்லாமல் அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் உண்டாகின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டையின் நாற்றம் உடையது. காற்றைவிடக் கனமானதால் குழியின் அடியில் தங்கும். அதன் அளவு கூடும்போது முகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று ஒருவர் நினைக்கும் வேளையே மிக ஆபத்தான வேளை. இன்னும் கூடினால், ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பிவிடும்.

நம்மைக் காக்க ஒரு வளைவும் தண்ணீரும் வைத்தோம். குழாயின் மறுமுனையில் இறக்கப்படுகிற மனிதனுக்கு என்ன வைத்தோம்?

இது தூரத்துச் செய்தியன்று. 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நம்முடைய காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செப்டிக் டேங்கில் ஆறு பேர் மூச்சுத்திணறி மாண்டார்கள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவரும் அவர்களுள் அடங்குவர். ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போனவரும் விழ, சில நிமிடங்களில் ஆறு உயிர்கள் போயின. இவ்வகை மரணங்கள் பெரும்பாலும் இப்படியே தொடர்கின்றன. விழுந்தவனைக் காப்பாற்ற வேண்டும் என்ற அன்பே அடுத்தவனையும் குழிக்குள் இழுத்துவிடுகிறது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதே ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் இன்னொரு தொட்டியில் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். சாக்கடைக் குழிகளிலும் செப்டிக் டேங்குகளிலும் இறந்தவர்களைப் பற்றி 1993 முதல் அரசு வைத்திருக்கும் கணக்கில் தமிழ்நாடே முன்னிலையில் நிற்கிறது. இந்தியாவிலேயே ஆலயங்களும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் மிகுந்த மாநிலங்களில் ஒன்று நம்முடையது என்பதையும் இதனோடு சேர்த்தே நினைக்கவேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் சட்டம், பாதுகாப்பின்றிச் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ சுத்தம் செய்ய ஆளை அமர்த்துவதைக் குற்றமாக்கியது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இந்தத் தடை நகராட்சிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் மட்டும் உரியதன்று. தன் வீட்டுத் தொட்டிக்கு ஆள் அழைக்கும் தனிமனிதனையும் அது கட்டுப்படுத்தும். இவ்வாறு இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்கவேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டுத் தொகை உயர்ந்தது. இறக்கிவிடும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை.

ஏன் ஒழியவில்லை? என் பார்வையில், அந்தக் குழிக்குப் போகும் வழி நம் வீட்டுக் கழிவறையின் அருவருப்பில் தொடங்குகிறது. கோப்பையில் தண்ணீர் மெதுவாக வடியத் தொடங்கும் நாளில் நாம் கதவைச் சாத்திவிட்டு அடுத்த கழிவறைக்குப் போகிறோம். வாரங்கள் கழிந்து அது நிரம்பி வழியும்போது, யாரையாவது கூப்பிடு என்கிறோம். அந்த 'யாராவது' எந்தத் தெருவிலிருந்து, எந்தச் சாதியிலிருந்து வருவார் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். உபாகமத்தின் 23-ஆம் அதிகாரம் இதற்கு நேர்மாறான ஒழுங்கைக் கற்பிக்கிறது. பாளயத்துக்கு வெளியே ஓர் இடம் குறிக்கப்படுகிறது. ஒவ்வொருவனும் தன் ஆயுதங்களோடு ஒரு சிறுகோலையும் வைத்திருந்து, தானே தோண்டி, தானே மூடவேண்டும். மூடுவதற்கென்று ஒரு கோத்திரம் அங்கே பிரிக்கப்படவில்லை. லேவியருக்கும் யூதாவுக்கும் ஒரே கட்டளைதான்.

ஆகவே, அந்தச் சிறுகோலை நாமும் கையில் எடுப்போம். மெதுவாக வடியும் கழிவறையைக் கண்டால் செய்யவேண்டியதை ஒழுங்காகச் சொல்கிறேன். குறிப்பாக வீட்டின் ஆண்கள் கவனிக்க வேண்டுகிறேன். பெரும்பாலான வீடுகளில் கழிவறை கழுவும் வேலை பெண்களின் தலையிலேயே விழுகிறது. குடும்பத் தலைவன் என்று எபேசியர் நிருபத்தைக் காட்டுகிறவர், அதே பகுதி கிறிஸ்துவின் தன்னலமற்ற அன்பையே அவருக்கு அளவுகோலாக வைப்பதையும் வாசிக்கட்டும்.

முதலில், ஒரு கழிவறையில் மட்டும் தண்ணீர் நிற்கிறதா, வீடு முழுவதும் நிற்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் என்றால் அடைப்பு பெரும்பாலும் அந்தக் கோப்பையின் வளைவில்தான் இருக்கும். நாப்கின், குழந்தையின் டயப்பர், ஈரத்துடைப்புத் தாள், தலைமுடி, பஞ்சு ஆகியவை தண்ணீரில் கரையாதவை. தறியுள்ள வீடுகளில் கழிவு இழைகளும் சேர்ந்தால், அவை வலைபோல் பின்னிக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் பிடித்துவைக்கும். பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தைச் சிறிது விட்டு, கை பொறுக்கும் சூட்டில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, சற்று நேரம் விட்டுவிடுங்கள். கொதிக்கும் நீர் பீங்கானை விரியச் செய்யக்கூடும், அது வேண்டாம்.

அடுத்தது, மரப்பிடியில் ரப்பர்க் கிண்ணம் பொருத்திய பிளஞ்சர். ரப்பர் மூழ்கும் அளவு தண்ணீர் இருக்கவேண்டும். முதல் அழுத்தத்தை மெதுவாகக் கொடுத்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு, விளிம்பு விலகாமல், பதினைந்து இருபது முறை அழுத்தி இழுங்கள். அழுத்துவதைப் போலவே இழுப்பதும் வேலை செய்யும். சிக்கிய பொருள் அசைவது பலமுறை இழுக்கும்போதுதான். அதற்கும் விலகாவிட்டால், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஸ்பிரிங் கம்பியைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே செலுத்துங்கள். கையுறை அணியுங்கள், முடிந்ததும் சோப்பால் கை கழுவுங்கள். இதற்குமேல் இந்த வேலையில் தீட்டு ஒன்றும் இல்லை. வாய்க்குள் போவது வயிற்றுக்குப் போய் வெளியேறுகிறது, மனிதனை அசுத்தமாக்குவது அவன் இருதயத்திலிருந்து வருவதே என்று போதித்த ஆண்டவரின் சீஷர்கள் நாம்.

ஆசிட் ஊற்றுவதைத் தவிர்க்கவேண்டும். செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும். தொட்டி சீக்கிரம் நிறையும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாகச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். பூட்டிய கழிவறைக்குள் அது உயிருக்கே ஆபத்து.

வீடு முழுவதும் தண்ணீர் மெதுவாக வடிந்தாலோ, ஒரு கழிவறையில் தண்ணீர் ஊற்றும்போது குளியலறைத் துவாரத்தில் குமிழி வந்தாலோ, காரணம் வெளியே இருக்கிறது. மாடிக்குமேல் நீட்டியிருக்கும் காற்றுக்குழாயின் வாய் கூட்டினாலோ சருகினாலோ அடைபட்டிருக்கலாம். வெளியிலுள்ள சேம்பரில் அடைப்பு இருக்கலாம். மூடியைத் திறந்து, விலகி நின்று, நீண்ட மூங்கில் பிளாச்சாலோ கம்பியாலோ அதை வெளியிலிருந்தே எடுக்கலாம். அல்லது தொட்டியே நிறைந்திருக்கலாம். செப்டிக் டேங்கில் கனமான கழிவு அடியில் படியும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும், இடையிலுள்ள நீர் உறிஞ்சுகுழிக்குப் போகும். அடிச்சேறு உயர்ந்துவிட்டால் நீருக்கு இடமிருக்காது. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கழிவுநீர் லாரியை அழைத்து உறிஞ்சி எடுத்துவிட்டால் சேறு இறுகாது. அழைப்பதற்கு 14420 என்ற உதவி எண் இருக்கிறது. லாரி வந்து தொட்டியின் மூடி திறந்திருக்கும் நேரத்தில் குனிந்து பார்க்கவேண்டாம். அருகில் தீக்குச்சி கொளுத்தவேண்டாம். பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காமல் 101-ஐயும் 108-ஐயும் அழையுங்கள்.

இதற்கு எதிராக மூன்று வாதங்களை நான் அடிக்கடி கேட்கிறேன்.

அவரே மனமுவந்து இறங்குகிறார், அது அவருடைய பிழைப்பு என்பது முதல் வாதம். பிள்ளைகளின் பசியும், வேறு வேலைக்கு வழிவிடாத சாதியும் பின்னாலிருந்து தள்ளும்போது ஒருவர் சொல்லும் சம்மதத்தை விருப்பம் என்று எப்படி அழைப்பது? கோலார் தங்கவயலில் துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சன் இந்தத் தொழிலை ஒழிப்பதற்கே தம் வாழ்நாளைக் கொடுத்து, 2016-இல் ராமன் மகசேசே விருது பெற்றார். அந்தக் குடும்பங்கள் கேட்பது அதே வேலைக்கு அதிகக் கூலி அன்று. அந்த வேலையிலிருந்து விடுதலையை.

லாரிக்குச் செலவு அதிகம் என்பது இரண்டாம் வாதம். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் செலவை முப்பத்தாறு மாதங்களுக்குப் பங்கிட்டுப் பாருங்கள். மாதந்தோறும் செல்போனுக்குக் கட்டுகிற தொகையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால் வாதம் தானாக விழும்.

மூன்றாம் வாதத்தில் உண்மை இருக்கிறது. நம் ஊரில் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. சில சந்துகளில் லாரி நுழையாது. பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட தொட்டியில் சேறு பாறைபோல் இறுகியிருக்கும், குழாய் உறிஞ்சாது. ஆனால் இதற்கும் வழி உண்டு. சந்து முனையில் லாரியை நிறுத்தி, கூடுதல் குழாய் இணைக்கச் சொல்லலாம். இறுகிய சேற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து, இரண்டு மூன்று தவணைகளில் எடுக்கலாம். வழி கிடைக்கும்வரை தொட்டியை மூடிவைத்துக் காத்திருக்கலாம். நம் வசதிக்காக ஒரு நாள் முந்துவதும் ஒரு மனிதனின் உயிரும் ஒரே தராசில் வைக்கத்தக்கவை அல்ல. யாத்திராகமத்தின் 21-ஆம் அதிகாரம், குழியைத் திறந்து மூடாமல் விட்டவன் அதில் விழுந்து செத்த மாட்டுக்கும் கழுதைக்கும் கணக்குக் கொடுக்கவேண்டும் என்கிறது. திறந்த குழிக்குள் நாமே கூலி கொடுத்து இறக்கிய மனிதனுக்கு என்ன கணக்குக் கொடுப்போம்?

லாரியோடு நம் பொறுப்பு தீர்ந்துவிடுவதும் இல்லை. எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகவேண்டியது அது. மழைநீர் போக உண்டாக்கிய நம் மஞ்சள் நீர் கால்வாய், நகரத்தின் கழிவைச் சுமந்துகொண்டு நத்தப்பேட்டை ஏரியை நோக்கிப் போவதை நாம் நாள்தோறும் பாலத்தின்மேல் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோம். ஒருவர் வீட்டுத் தொட்டி சுத்தமாகி, ஏரிக்கரையில் வாழ்கிறவரின் கிணறு கெட்டுப்போனால், அதைச் சுத்தம் என்று சொல்லமுடியாது.

நம்முடைய ஊருக்கு இந்தப் பாடம் புதிதன்று. தறியில் அமர்ந்தவர், பாவில் ஓர் இழை அறுந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதில்லை. அங்கேயே நிறுத்தி, இழையைத் தேடி எடுத்து, முடிந்துவிட்டுத்தான் அடுத்த ஊடையைப் போடுகிறார். விட்டுவிட்டால் குறை முழம் முழமாக நீளும் என்று அவருக்குத் தெரியும். இந்த விழிப்பைத் தறியிலிருந்து வீட்டின் பின்கட்டுக்கும் கொண்டுபோனால் போதும். மெதுவாக வடியும் தண்ணீரும் அறுந்த இழையைப் போன்றதே.

இறுதியாக, திருச்சபைக்கு. நம் ஆலயங்களின் வரலாறு இந்தத் தொழிலாளர்களின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. சமூகம் கைவிட்ட தெருக்களில்தான் நம் சபைகளில் பல முளைத்தன. ஞாயிறு ஆராதனையில் நம்மோடு ஒரே அப்பத்தில் பங்குபெறும் சகோதரர், திங்கட்கிழமை யாருடைய தொட்டியின் ஓரத்தில் நிற்கிறார் என்று நாம் கேட்பதுண்டா? ஆலய வளாகத்திலும், நாம் நடத்தும் பள்ளிகளிலும், விடுதிகளிலும், திருமண மண்டபங்களிலும் எத்தனை தொட்டிகள் உள்ளன, கடைசியாக எப்போது, எவ்விதம் சுத்தம் செய்யப்பட்டன என்ற விவரம் எத்தனை சபைகளில் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது? ஒவ்வொரு சபையின் கமிட்டியும் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதவேண்டும் என்பது என் வேண்டுகோள்: எங்கள் நிர்வாகத்துக்கு உட்பட்ட எந்தக் குழிக்குள்ளும் எந்த மனிதனும் இறங்கமாட்டான், ஒவ்வொரு தொட்டிக்கும் லாரி வரவேண்டிய மாதம் குறித்துவைக்கப்படும், அதற்கான பணம் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்படும். அலங்கார விளக்குகளுக்கு ஒதுக்குகிறோமே, இதற்கும் ஒதுக்குவோம். இந்தத் தொழிலை விட்டு வெளிவர விரும்பும் குடும்பத்தின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் கட்டணமின்றிப் படிக்கவும் வழிசெய்வோம்.

இந்த வாரத்துக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று காரியங்கள். உங்கள் வீட்டுத் தொட்டி எங்கே இருக்கிறது, கடைசியாக எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்று விசாரித்து எழுதிவையுங்கள். ஒரு பிளஞ்சர் வாங்கி, அதைப் பயன்படுத்தும் விதத்தை உங்கள் மகனுக்கும் மகளுக்கும் கற்றுக்கொடுங்கள். நாப்கினையும் டயப்பரையும் காகிதத்தில் சுற்றித் தனியே குப்பையில் சேர்க்க ஒரு மூடியுள்ள கூடையைக் கழிவறையில் வையுங்கள்.

மல்கியா அந்த வாசலுக்குத் தாழ்ப்பாள் போட்ட நாளில் யாரும் அவனுக்கு மாலை சூட்டியதாக எழுதப்படவில்லை. நாம் செய்யப்போவதற்கும் மாலை இராது. ஆயினும் நம் மாவட்டத்தில் ஒரு தாயின் மகன் மாலையில் உயிரோடு வீடு திரும்புவான். அதற்காக உழைக்கும் மனதை ஆண்டவர் நம் யாவருக்கும் தந்தருள்வாராக. ஆமென்.